பாக்கித் தண்ணீர்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் பெரியண்ணன். பெயர்தான் அப்படி, எனக்கு உறவில்லை. என் வயலுக்கு அடுத்த வயல்காரன்.

கண்மாயில் தண்ணீர் குறைந்த ஒரு வருஷம், என் முறை வந்த நாளில், என் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாமடையை அடைத்து, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டான். கேட்டதற்கு, "அது என் முறைதான்" என்று சாதித்தான். அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன்.

பிறகு கெடுதல் செய்தவர்கள் என் சொந்தக்காரர்கள். அவர்கள் நல்லதென்று நினைத்துச் செய்தார்கள்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்கின வருஷம் ஊரில் பேதி கண்டது. காலையில் என் மகள் போனாள். விளக்கு வைக்குமுன் அவள் தாய் மீனம்மாளும் போய்விட்டாள். இருவரையும் புதைத்துவிட்டு வந்து படுத்தேன். எழுந்திருக்கவில்லை. பேசவில்லை. சோறு இறங்கவில்லை.

"என்னமோ புடிச்சிருச்சு இவனை," என்றார் என் அண்ணன் ஆண்டியப்பன்.

குளத்தூருக்கு வடக்கே ஒரு கருப்பர் கோயில். வண்டியில் போட்டு அங்கே கொண்டுபோனார்கள். மண்டபத்துத் தூணோடு காலைச் சங்கிலியால் பிணைத்தார்கள்.

பிணைக்கப்பட்டவன் தன் பெயரைச் சொல்லி, தன் வாயால் சோறு கேட்டால்தான் சங்கிலியைக் கழற்றுவார்கள். அது அந்தக் கோயில் வழக்கம்.

பூசாரி புளிய விளாறால் அடிப்பார். "யாரு நீ? சொல்லு!"

வலித்தது. என் பெயரும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கிடந்தேன்.

அண்ணன் செவ்வாய்தோறும் வருவார். "மனசைத் தேத்திக்கப்பா. போனவுக போயிட்டாக," என்று அழுதுவிட்டுப் போவார். அவர் போனபின் மண்டபம் இன்னும் இருட்டாக இருக்கும்.

அடுத்த தூணில் அமராவதி என்று ஒரு பெண். செத்துப் பிறந்த பிள்ளையைத் தர மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தவளாம். கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவில்லை. ஒரு நாள் விடிந்தபோது குளிர்ந்து கிடந்தாள். அப்போதுதான் அவள் சங்கிலியைக் கழற்றினார்கள்.

அடுத்தது நான் என்று தெரிந்தது. அதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அன்று மத்தியானம் பெரியண்ணன் வந்தான். எதிரே குந்தி உட்கார்ந்து வெற்றிலை போட்டான்.

"என்ன மூக்கா, சொகமாப் படுத்திருக்கே? உன் வரப்புல ஒரு சாண் வெட்டிட்டேன். சும்மா கெடக்கிற மண்ணுதானே?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாளும் வந்தான். "இன்னும் ஒரு சாண் வெட்டியாச்சு. வரப்புல நீ வச்ச வேப்பங்கன்னு இப்ப என் பக்கம்."

பூசாரிக்கே பொறுக்கவில்லை. "நீயெல்லாம் மனுசனா? சங்கிலியில கெடக்கிறவன்கிட்ட வந்து சொல்ற சேதியா இது?"

"கேக்க ஆளில்ல சாமி, எடுத்துக்கிட்டேன்," என்று சிரித்தான்.

ஊரே அவனைக் காறித் துப்பியது. அவன் வருவதை நிறுத்தவில்லை. அந்த வெயிலில் அத்தனை தூரம் நடந்து வந்து, வெட்டின சேதியைச் சொல்லிவிட்டுப் போவான். அவன் வரும் நேரத்துக்கு எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

ஐப்பசி மழை பிடித்தது. நனைந்துகொண்டே வந்தான்.

"கண்மாய் பெருகிருச்சு மூக்கா. இந்தத் தடவையும் உன் முறைத் தண்ணி எனக்குத்தான். அன்னிக்கு எடுத்தேனே, அது மாதிரி."

அன்றைக்கு எடுத்தேன் என்று அவன் வாயாலேயே சொன்னான்!

"திருட்டுப் பயலே!" என்றேன். குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

அவன் எழுந்து வேட்டியைப் பிழிந்தான். "தெம்பிருந்தா வயலுக்கு வா," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

பூசாரி ஓடிவந்தார். "யாருப்பா நீ?"

"மூக்கன். சோறு போடுங்க. அவனை வெட்டணும்."

கால் ஊன்ற முடிந்ததும் வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போனேன்.

வரப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கம் செதுக்கி, புதுச் சேறு பூசியிருந்தது. வேப்பங்கன்று நட்ட இடத்திலேயே நின்றது. என் வயலில் நடவு முடிந்து தண்ணீர் நின்றது. பெரியண்ணன் என் வாமடையில் குனிந்து மண் அணைத்துக்கொண்டிருந்தான். மண்வெட்டியைப் பார்த்தும் நகரவில்லை.

"வெட்டிட்டேன்னு சொன்னியேடா?"

"பொய்தான்."

மண்வெட்டி கையில் கனத்தது. அவனை வெட்டத்தான் எழுந்து வந்திருந்தேன். இனி வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் யாருமில்லை. மறுபடி போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. திரும்பினேன்.

"மூக்கா!"

நின்றேன்.

"அன்னிக்குத் தண்ணி எடுத்தது மட்டும் பொய்யில்ல. அது உன் முறைதான்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அப்ப என் தண்ணியைக் குடுடா!"

"தர மாட்டேன்," என்றான் அவன், சேற்றை வழித்துக்கொண்டே. "நாளைக்கு வந்து கேளு."

போய்க் கேட்டேன். இன்றைக்கும் விடிந்ததும் போய்க் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். இன்னும் தரவில்லை, படுபாவி.