சாய்வு

தேவராஜ மொஹல்லாவின் ஃப்ளெக்ஸ் கடையில், பைக் விபத்தில் இறந்த தருணுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் தயாராகிறது. கடையில் டிசைன் செய்யும் சொர்ணலதா அவன் பெயரை ஆங்கிலத்தில் தட்டுகிறாள். முந்தைய ஸ்டிக்கர் வேலைக்கு வைத்த எழுத்துருவை மாற்ற மறந்துவிட்டாள். வாலோ கொக்கியோ இல்லாத தடித்த எழுத்துகள், சிக்னலில் பொறுமையிழந்த வண்டிபோல் முன்னால் சாய்ந்து திரையில் நிற்கின்றன. தருணின் பைக் டேங்கில் இதே எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தவளும் அவள்தான். பக்கத்தில் நிற்கும் அவன் அப்பா வேலுச்சாமி திரையை நோக்கிக் குனிகிறார். வெளியே ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கிறது. "ஸ்வல்ப இருங்க அங்கிள், ஒரு நிமிஷம், மாத்திடறேன்." அவள் மவுஸை நகர்த்துகிறாள். "எழுத்து அதே இருக்கட்டும்மா," என்கிறார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாய்வ மட்டும் எடுத்துடு. அவன் ஓட்டினது போதும்." அவள் எடுக்கிறாள். பெயர் நிமிர்ந்து, அசையாமல் நிற்கிறது.