நீல நாற்காலியின் நான்காவது கால்

ஒரே வேங்கை மரத்தில் பிறந்த இரண்டு நாற்காலிகள் ஒரு வீட்டில் இருந்தன. ஒன்று அக்கா, மற்றது தங்கை. ஒருநாள் வீட்டுக்காரி அக்காவை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பே இல்லாத அடர்நீலப் பெயிண்டை இரண்டு தடவை பூசினாள். அதோடு டப்பா காலியானது. தங்கை பழுப்பாகவே நின்றுவிட்டது.

நீலம் காய்ந்ததும் அக்காவை முன்னறையில் போட்டார்கள். அங்கிருந்த கண்ணாடி மேசை, வாசலில் கிடந்த தங்கையைப் பார்த்துவிட்டு, "அது உங்களுக்குச் சொந்தமா? அதே ஜாடையா இருக்கே" என்று கேட்டது.

அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "சேச்சே, அது யாரோ" என்றது.

தங்கைக்கும் அது கேட்டது.

மழைக்காலத்தில் அக்காவின் பின்னங்கால் ஒன்று முறிந்தது. தச்சர் வந்து தங்கையைத் திருப்பிப் பார்த்தார். "இதோட கால் கச்சிதமா சேரும்" என்று ரம்பத்தை எடுத்தார்.

"அக்கா! நான் உன் தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லேன்!" என்று தங்கை அலறியது.

அக்கா மேசையைத் திரும்பிப் பார்த்தது. மேசை பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை.

காலை அறுத்து எடுத்தபின், மிச்சத்தை வெந்நீர் அடுப்புக்கு உடைத்தார்கள். சின்ன டப்பா ஒன்று வாங்கிவந்து புதுக் காலுக்கும் நீலம் பூசினார்கள்.

மறுநாள் மேசை மெல்லக் கேட்டது: "அந்தக் கால் வலிக்குதா?"

"எந்தக் கால்?" என்றது அக்கா. "நாலும் நான் பிறக்கும்போதே இருந்ததுதான்."