உள் ஸ்கேன்

“சட்டையக் கழட்டுங்கண்ணே.”

அவன் முதல் பொத்தானில் கை வைத்தான். கை அங்கேயே நின்றது.

குறைமாதக் குழந்தைகளின் அறை. அம்மாக்களின் நாற்காலிகள் பச்சைத் திரைகளுக்குப் பின்னால் இருந்தன. ஆண்களுக்கென்று தனி இடம் இல்லை. நடைபாதையைப் பார்த்த கண்ணாடிச் சன்னலோரம் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

“என்னண்ணே, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி நிக்கிறீங்க?” என்றாள் நர்ஸ் ஜெசிந்தா. “ஒங்க ஒடம்புச் சூடுதான் பிள்ளைக்கு மருந்து. தமயந்திக்குக் காய்ச்சல் விடுற வரைக்கும் நீங்கதான் அம்மா.”

திரைக்குப் பின்னால் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி அவளை அடக்கினாள்.

சட்டையைக் கழற்றினான். பனியனில் அக்குளுக்குக் கீழே ஓட்டை. கையை விலாவோடு ஒட்டிக்கொண்டான்.

“பனியனையுந்தான்.”

கோயிலில் கழற்றியிருக்கிறான். கிணற்றடியில் கழற்றியிருக்கிறான். இப்படி, இன்னொருவர் சொல்லி, முன்பின் தெரியாதவர்கள் பார்க்கக் கழற்றியதில்லை.

கழற்றினான்.

கண்ணாடிப் பெட்டியின் மேல் அட்டை ஒட்டியிருந்தது. ‘பேபி ஆஃப் தமயந்தி. பெண். 1,080 கிராம்.’

இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மா பெயர்தான். அவன் பெயர் ஃபைலுக்குள் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. ஐந்தாம் மாத ஸ்கேன் தாளின் அடியில்.

‘உள் ஸ்கேன் வேண்டாம்.’ கீழே அவன் கையெழுத்து.

அன்றைக்குத் தமயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்கேன் அறைக்குள் ஒரு கால் வைத்திருந்தாள்.

வாசலில் நின்ற உதவியாளர் அம்மாள் பொறுமையாகத்தான் சொன்னார். “வயித்து மேல பாத்தாச்சு, பிள்ளை நல்லாருக்கு. கர்ப்பப்பை வாயோட நீளத்த உள்ள கருவி வச்சுத்தான் அளக்கணும். நீளம் கம்மியா இருந்தா குறைமாசத்துல பொறக்கலாம். முன்னாடியே தெரிஞ்சா மருந்து இருக்கு, தையல் இருக்கு.”

“பாக்கப்போறது யாரு?”

“டாக்டர் சார்.”

அவன் காதில் ‘சார்’ மட்டும் விழுந்தது.

“கூட நான் நிப்பேன்,” என்றார் அந்த அம்மாள்.

“ரெண்டு நிமிசந்தானாம்ங்க,” என்றாள் தமயந்தி.

“ஒனக்கு வெக்கமே இல்லையா?”

மெதுவாகத்தான் கேட்டான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்டது.

பிறகு உதவியாளர் பக்கம் திரும்பினான். “வேண்டாம்.”

தமயந்தி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள். செருப்பு வார் மடங்கிக்கொண்டது. குனிய முடியாமல், பெருவிரலால் துழாவிக்கொண்டு நின்றாள்.

அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

இருபத்தொன்பதாவது வாரம், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது.

“அளந்திருந்தா தெரிஞ்சிருக்கலாம்,” என்றார் பிரசவம் பார்த்த டாக்டர். ஃபைலை மூடினார். “தெரியாமலும் போயிருக்கலாம்.”

இரண்டாவதை அவனுக்காகச் சொன்னார். அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

தமயந்தி திட்டியிருந்தால் தலையைக் குனிந்திருப்பான். பன்னிரண்டு நாளாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லி போதும் என்றாள். தலைகாணியை நகர்த்தச் சொன்னாள். பாப்பா எத்தனை கிராம் என்று கேட்டாள்.

ஜெசிந்தா அவனை நாற்காலியில் உட்கார வைத்து, குழந்தையைக் கொண்டுவந்து அவன் நெஞ்சில் கவிழ்த்தாள். தலையை ஒருபக்கம் திருப்பினாள். மேலே துணியைச் சுற்றினாள்.

“மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. நீங்க விட்டாத்தான் அவளும் விடுவா.”

விட்டான்.

கனமே இல்லை. சூடு மட்டும் இருந்தது. பிறகு ஒரு நகம் நெஞ்சு முடியில் மாட்டி இழுத்தது. வலித்தது. அசையாமல் இருந்தான்.

நிமிர்ந்தபோது சன்னலுக்கு அந்தப் பக்கம் தமயந்தி நின்றாள். யாரிடமும் சொல்லாமல் வார்டிலிருந்து நடந்து வந்திருக்க வேண்டும். நைட்டி மேல் துண்டு. ஒரு கை கண்ணாடியில்.

முதலில் துணிக்குள் இருந்த தலையைப் பார்த்தாள். பிறகு அவன் தோளை. பிறகு, நாற்காலியில் மடிந்து கிடந்த அவன் வயிற்றை.

அவன் குறுகினான். மறைத்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கையிலும் பிள்ளை.

ஃபிளாஸ்க்கோடு போன ஒருவன் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் வந்த பெண்ணும் பார்த்தாள்.

ஜெசிந்தா கவனித்தாள். ஓரத்தில் நின்ற பச்சைத் திரையில் கை வைத்தாள்.

“கூச்சமா இருந்தா மறைச்சு விடட்டுமாண்ணே?”

அவன் தமயந்தியைப் பார்த்தான்.

“வேண்டாம்.”

கண்ணாடிக்கு அப்பால் சத்தம் போகாது. உதடு மட்டும் தெரியும்.

தமயந்தி கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள்.

வேண்டாம் என்றது திரையைத்தான் என்று அவனால் எழுந்து போய்ச் சொல்ல முடியாது. நெஞ்சில் பிள்ளை அப்போதுதான் தூங்கியிருந்தது.