பேசாத கொட்டகை

"முட்டை திருடறா சார் அவ! நானும் பாத்துகினுதான் கீறேன்."

சூசையம்மாள் ஒன்று சொன்னால் பண்ணை முழுக்கக் கேட்கும். அப்படியொரு தொண்டை. ரகுபதி பதறிப்போய் நிமிர்ந்தார். அவர் கையில் டிரான்சிஸ்டர் ரேடியோ. காலையிலிருந்து தட்டித் தட்டிப் பார்க்கிறார், பேட்டரி தீர்ந்துபோய் அது மூச்சே விடவில்லை.

"யாரும்மா திருடறது?"

"வேற யாரு? அந்த வாயில்லாப் பூச்சிதான். முனியம்மா!"

விஷயம் இதுதான். வாயில்லா ஜீவனுக்கு மனசு உண்டா, சந்தோஷம் துக்கம் தெரியுமா என்று ஆராய்ச்சி பண்ண, வடக்குப்பட்டு ஏரிப் பக்கம் இருந்த அந்தக் கோழிப்பண்ணைக்குப் பட்டணத்திலிருந்து வந்தவர் ரகுபதி. ரெண்டு கொட்டகை. ரெண்டிலும் ஒரே ஜாதிக் கோழி, ஒரே தீனி. முதல் கொட்டகையில் நாள் பூரா இலங்கை வானொலி பாடும்; ரகுபதி கையில் இருந்த ரேடியோ அந்தக் கொட்டகையுடையதுதான். அதற்குப் பொறுப்பு சூசையம்மாள். அடுத்ததில் சத்தமே கூடாது. உள்ளே போகிற ஆள் ஒரு வார்த்தை பேசினாலும் வேலை போய்விடும் என்பது மேலிடத்து உத்தரவு. பேசாத கொட்டகை என்றே அதற்குப் பேர்.

முனியம்மாளுக்கென்றே செய்த மாதிரி வேலை. அவளுக்குத் திக்குவாய். வேலைக்கு வந்த முதல் நாள், சூசையம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட வந்து, "சூ... சூ... சூ..." என்று நின்றுவிட்டாள்.

"இன்னாடி, என்னைக் கூப்புடறியா, கோழிய வெரட்டறியா?" என்றாள் சூசையம்மாள்.

பண்ணையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு மூடின வாயை முனியம்மாள் அப்புறம் யாரிடமும் திறக்கவேயில்லை.

பாட்டு கேட்கிற கோழிதான் கூடுதலாக முட்டையிடும் என்று நினைத்தார் ரகுபதி. நடந்ததோ தலைகீழ். பேசாத கொட்டகையிலிருந்துதான் தினமும் கூடை நிரம்பி வழிந்தது. சூசையம்மாளுக்குத் தூக்கம் போச்சு.

"நாள் பூரா பாட்டு கேக்கற என் கோழி கம்முனு குந்திகினு கீது. அந்த எழவு வூட்டுல இருக்கறது மட்டும் அள்ளி அள்ளிக் குடுக்குதாம். நம்பற கதையா சார்? சாப்பாட்டு வேளையில என் கொட்டகை முட்டைய எடுத்துக்கினு போயி அங்க வெக்கறா. வாங்க, கையும் களவுமா புடிச்சுத் தரேன். இன்னிக்கே சீட்டைக் கிழிங்க!"

ரகுபதி ரேடியோவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம்தான், ஆனால் ஐப்பசி மேகம் இறங்கி ஊரே அரைத்தூக்கத்தில் இருந்தது. தூறல் போடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கொட்டகைக் கம்பிவலையின் மேல் சாரலுக்காகச் சாக்குப் படுதா தொங்கியது. இரண்டு பேரும் அதன் ஓரமாக ஒண்டிக்கொண்டார்கள்.

உள்ளே பேச்சுக் குரல்.

"...நேத்து கனாவுல உங்களுக்கெல்லாம் கொக்காட்டம் றெக்கை மொளச்சிருக்குடி. ஏரியத் தாண்டிப் போறீங்க. சிங்கப்பெருமாள் கோவில் ரயிலுக்கு மேல, வெள்ள வெளேர்னு, வரிசையா. நான் கீழ நின்னுகினு ஒவ்வொருத்தியா பேர் சொல்லிக் கூப்புடறேன்..."

யாருடைய குரல் இது? எங்கேயும் தட்டாமல், தடுக்காமல், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சூசையம்மாள் சாக்குக் கிழிசல் வழியாகப் பார்த்தாள். உமியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் முனியம்மாள். மடியில் ஒரு கோழி தூங்குகிறது. சுற்றிலும் மற்றதெல்லாம் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, க்ர்ர்ர் க்ர்ர்ர் என்று கதை கேட்கின்றன. கேட்கக் கேட்கச் சூசையம்மாளுக்கும் கண் சொக்கியது. வந்த காரியம் மறந்துபோய், ரயிலுக்கு மேல் அவளும் கொஞ்ச தூரம் பறந்தாள்.

"ஏய், நீ எங்க ஓடற? உன்ன வுட்டுட்டா சொல்லுவேன்? வா, சூசையம்மா!"

சூசையம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொண்டை பெருத்த ஒரு கோழி ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டே வந்து முனியம்மாளின் மடியில் ஏறியது.

"கத்து சூசையம்மா, நல்லா கத்து. உனக்கு இன்னாடி, ஆண்டவன் தொண்டையக் குடுத்திருக்கான். உன்னாட்டம் ஒரே ஒரு நாள் பேசணும்னு எனக்கும் ஆசைதான்."

சூசையம்மா. ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை.

சூசையம்மாள் கிழிசலிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டாள். இந்தப் பேரைச் சொல்லத்தானே அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அவள் கூனிக் குறுகி நின்றாள்! சிரிக்க வைத்தது யார்?

"யாரும்மா உள்ளே பேசறது?" ரகுபதியின் குரல் காதருகில் கேட்டது. "பேசக்கூடாதுன்னு உத்தரவாச்சே."

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முனியம்மாளின் சீட்டு கிழிந்துவிடும்.

"பேச்சா? யார் சார் பேசறது?" பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சூசையம்மாள் கிசுகிசுத்தாள். "அது ரேடியோ சார். என் கொட்டகை ரேடியோ. காத்து இந்தப் பக்கம் அடிக்குதில்ல, அதான் கேக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் அக்குளில் இருந்தது கண்ணில் பட்டது. மாதாவே! நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரகுபதியும் குனிந்து பார்த்தார். தூறல் படாமல் அந்த ரேடியோவைத் துண்டால் மூடினார்.

"நல்ல ஸ்டேஷன்மா," என்றார் மெதுவாக. "நாளையிலேர்ந்து உன் கொட்டகையிலயும் இதையே வைப்போம்."