எளாவூர் மூக்கு

சூலூர்பேட்டையில் ஒரு லாரி டிரைவர் பாட்டில் மூடியைத் திருகினால், முப்பது கிலோமீட்டர் தள்ளி எளாவூர் சோதனைச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் என் மூக்கு விழித்துக்கொள்ளும்.

என்ன சரக்கு, எத்தனை ரவுண்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாயா மிக்சரா என்பதுவரை லாரி வந்து சேர்வதற்குள் எழுதி வைத்துவிடுவேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

என் மகள் நந்தினி மட்டும் நம்ப மாட்டாள்.

"நீ ரிட்டயர் ஆன அன்னிக்கே உன் மூக்கும் ரிட்டயர் ஆயிடுச்சு நைனா. சும்மா இரு" என்றாள், கும்மிடிப்பூண்டி ஸ்கேன் சென்டர் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி.

பதினைந்து நாளாக இதே சண்டைதான்.

அவள் புருஷன் அன்புராஜுக்கு முப்பத்தோரு வயது. சிப்காட்டில் இரும்புக் கம்பெனியில் வேலை. கம்பெனி செக்கப்பில் வயிற்றை ஸ்கேன் எடுத்தவர்கள், ஈரல் கெட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஈரல் கெட்டால் குடி. இதில் எங்கள் தெருவிலேயே யாருக்கும் சந்தேகம் கிடையாது.

கல்யாணமாகி மூன்று வருஷமாகத் தெரியாமல் குடித்து ஏமாற்றியிருக்கிறார் என்று நந்தினி பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டாளாம்.

நான் மாப்பிள்ளையைப் பத்து நாள் பின்தொடர்ந்தேன். டீக்கடையில் முதுகுக்குப் பின்னால், பஸ்ஸில் தோளுக்கு மேலே, கம்பெனி வாசலில் கட்டிப்பிடித்து, எல்லாக் கோணத்திலும் முகர்ந்தேன். பரோட்டா வந்தது, சால்னா வந்தது, இரண்டு லிட்டர் கலர் சோடா வந்தது.

பிராந்தி வரவில்லை. நூற்றெட்டுக் கிலோ மனிதருக்குள் ஒரு மூடி சரக்கு இல்லை.

அப்புறம் எப்படி ஈரல் கெடும்? என் மூக்கு பொய்யா, ஸ்கேன் பொய்யா? ஆயிரக்கணக்கான டிரைவர்களைக் குழப்பிய எனக்கே குழப்பம் வந்துவிட்டது.

உடம்பு பெருத்தால் குடிக்காமலேயே ஈரலில் கொழுப்பு படியும், இப்போதெல்லாம் சின்ன வயசுக்காரர்களுக்கே நிறைய வருகிறது என்று டாக்டர் சொன்னாராம்.

"டாக்டருக்கும் அந்தாளு ஒரு குவாட்டர் வாங்கிக் குடுத்திருப்பான்" என்று நந்தினி அதையும் ஒதுக்கிவிட்டாள்.

இதற்கு நடுவில்தான் அவளுக்கே வலது விலாவுக்குக் கீழே பாரம், ஓயாத புளித்த ஏப்பம். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று நான் கூட்டி வந்தேன்.

சிஸ்டர் கவரை நீட்டினார். நந்தினி பிரித்துப் படித்தாள்.

மேலே பெயரைப் பார்த்தாள். நந்தினி, வயது இருபத்தேழு. மறுபடியும் கீழே படித்தாள்.

"கல்லா?" என்றேன்.

உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்து ஊதினாள். ஊதியதைத் தானே மோந்து பார்த்தாள்.

"கல்லு இல்ல நைனா. ஈரல்ல அவருக்கு எழுதுனதையே எனக்கும் எழுதிக்கீறாங்க."

போனை எடுத்து, அன்புராஜ் நம்பரை அழுத்தி, மணி அடிக்கும்போதே என் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லு. அவரு குடிக்கல."