ஸ்கோர் போர்டுக்குப் பின்னால்

"முதல் கையெழுத்து என்னுது" என்று பேனாவைப் பிடுங்கி, கூட்டத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டவர் பல் டாக்டர்தான்.

கோச் நீட்டிய காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். இந்தச் சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்குப் பெற்றோர் யாரும் வரக் கூடாது. மீறி வந்து கண்ணில் பட்டால், அவர்கள் வீட்டுப் பெண் ஆடாமல் வெளியே உட்கார வேண்டியதுதான்.

"குழந்தைங்க நிம்மதியா ஆடட்டும் சார். நாமளே கத்தினா எப்படி?" என்று டாக்டர் ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்தார்.

நாள் முழுக்க அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லும் மனிதருக்கு, மைதானத்தில் தன் வாயை மூடத் தெரியாது. போன ஆட்டத்தில் "பந்தைப் பாருடா கண்ணு, பந்தைப் பாரு" என்று அவர் போட்ட சத்தத்தில், கோல்கீப்பராக நின்ற பத்து வயது மகள் பந்தை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பந்து சாவகாசமாக உள்ளே போனது.

அவள் வீட்டுக்கு வந்து, வாசலில் ஷூவைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"நீங்க வந்தா எனக்குக் கை நடுங்குதுப்பா. இன்னொரு தடவை விட்டேன்னா டீம்ல இருந்து எடுத்துடுவாங்க."

டாக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால்தான் அந்த முதல் கையெழுத்து.

சனிக்கிழமை காலை, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மனைவி கிளம்பினாள். டாக்டர் கிளினிக்குக்குக் கிளம்பினார். ஸ்கூட்டர் என்னவோ மைதானத்தின் பின்பக்கம் போய் நின்றது. அதற்கு அவர் என்ன செய்வார்?

கோல் கம்பத்துக்குப் பின்னால் பழைய ஸ்கோர் போர்டு ஒன்று உண்டு. இரண்டு இரும்புக் காலில் நிற்கும் பெரிய மரப்பலகை. நம்பர் மாட்டும் இடமெல்லாம் ஓட்டை. டாக்டர் குனிந்து ஓடி, அதன் பின்னால் பதுங்கினார்.

"பார்த்து சார், அது என் கால்."

பஸ் கண்டக்டர். ஆறாம் நம்பர் பெண்ணின் அப்பா. இரண்டு வாரம் முன்னால், ஆத்திரம் தாங்காமல் வெளியே நின்றபடி தன் விசிலை எடுத்து ஊதி, இரண்டு டீமையும் அப்படியே நிற்கவைத்த புண்ணியவான். அவர் பக்கத்தில் தையல்கார அம்மா. ஆட்டத்துக்கு நடுவே உள்ளே ஓடிப்போய் மகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டு வந்தவர்.

"முதல் கையெழுத்து நீங்கதானே டாக்டர்?" என்றார் தையல்கார அம்மா.

"இந்தப் பக்கமா ஒரு பேஷன்ட்டைப் பார்க்க வந்தேன்."

"எங்கே, புல்லுலயா படுத்திருக்காரு?"

"கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்" என்று பலகையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலோடு டாக்டர் பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறார். திரும்பிப் பார்த்தார்.

"உங்க அக்கா இங்கேயா குடியிருக்காங்க?"

"உங்க கிளினிக் இங்கேயா இருக்கு?"

நாலு பேரும் ஆளுக்கொரு ஓட்டையில் கண்ணை வைத்தார்கள். கண்டக்டர் தன் மேலேயே நம்பிக்கை இல்லாமல், விசிலைக் கழற்றித் தையல்கார அம்மாவிடம் கொடுத்துவைத்தார். லேஸ் அவிழ்ந்து தன் மகள் தடுமாறியபோது, தையல்கார அம்மா பலகையையே பிறாண்டினார். பாவம், ஒரு சத்தம் வரவில்லை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். ஸ்கோர் சமம். எதிர் டீமின் நெட்டைப் பெண் ஒருத்தி எல்லாரையும் தாண்டிப் பந்தை உருட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்னால் டாக்டரின் மகள் மட்டும்தான்.

டாக்டர் கர்ச்சீப்பை உருட்டி வாயில் திணித்துக்கொண்டார். அதன் மேல் மனைவியின் கையும் வந்து அழுத்தியது.

மகள் எங்கேயும் திரும்பவில்லை. பந்தையே பார்த்தாள். பாய்ந்தாள். பந்து அவள் விரலில் பட்டு, கம்பத்தை ஒட்டி வெளியே போனது.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய நேரம். கர்ச்சீப்பை இறுக்கிக் கடித்துக்கொண்டார்.

வெளியே போன பந்து அதோடு நிற்கவில்லை. உருண்டு வந்து, பலகைக்கு அடியில் புகுந்து, அவர் ஷூவில் முட்டி நின்றது. அதை எடுக்க மகள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

ஓடி ஒளிய வேறு இடமில்லை. இவ்வளவு நன்றாக ஆடிய பிள்ளை, தன்னால் இப்போது வெளியே உட்காரப் போகிறாளே என்று டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. சுவரோடு சுவராக ஒட்டுவது போல நாலு பேரும் பலகையோடு ஒட்டிக்கொண்டார்கள்.

மகள் பலகையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பந்தை எடுக்கக் குனிந்தவள், நிமிராமலே மெல்லச் சொன்னாள்.

"நான் உங்களைப் பார்க்கலைப்பா. எங்க டீம்ல யாருமே பார்க்கலை. ஆட்டம் ஆரம்பிச்சதுமே கோச் சார் சொல்லிட்டாரு, ‘போர்டுக்கு அடியில எட்டுக் கால் தெரியுது, அந்தப் பக்கம் பார்த்து யாரும் சிரிச்சுடாதீங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா சத்தம் போடாம இருக்காங்க, பாவம், பழகட்டும்’னு."