நெஞ்சில் குத்திய பேட்ஜ்

ஒட்டாவாவுக்குப் புறப்படும்போது நளாயினி எம்.பி. தன் கட்சி பேட்ஜைக் கழற்றிக் கணவர் குகதாசனின் சட்டையில் குத்திவிட்டார். குத்தியிருப்பவரின் நெஞ்சு கட்சியை மீறித் துடித்தால் பேட்ஜ் சிவக்கும். சிவந்த கணமே எம்.பி. பதவி போய்விடும்.

"முப்பது வருசமாக் கட்சிக்குத் தேர்தல் பலகை நட்ட ஆள் நீங்கள். உங்கட நெஞ்சில இது பச்சையாத்தான் இருக்கும்."

தனக்கு ஒரு போலி பேட்ஜைக் குத்திக்கொண்டு போனார்.

மறுநாள் நாடாளுமன்றத்தில், அகதிகளைத் திருப்பி அனுப்ப நளாயினியின் கட்சி கொண்டுவந்த சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஸ்கார்பரோ வீட்டில் குகதாசன் டிவிக்கு முன்னால் மூச்சுவிடவும் பயந்து இருந்தார். எதிர்க்கிறவர்கள் ஒவ்வொருவராக எழும்ப, எழுத்தர் அவர்கள் பெயரைக் கூப்பிட்டார். பெயர் கூப்பிட்டால்தான் வாக்கு.

ஆளுங்கட்சி வரிசையில் ஒருவரும் அசையவில்லை. நளாயினி மட்டும் எழும்பினார்.

ஒருகாலத்தில் அகதியாக வந்து இறங்கிய குகதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நில்லடியம்மா, நில்!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார். பேட்ஜ் சிவந்திருந்தது.

டிவியில் எழுத்தர் நளாயினியின் பெயரைக் கூப்பிடாமலே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.